கால்நடை மருத்துவமனையில் நடந்த ஏலம்

கிளமெண்ட் வாங்கியது என்னவோ கோழிக்குஞ்சுகள்தான். தேசூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சைக்கிளின் பின்னால் மூங்கில் கூடை கட்டிக்கொண்டு, பச்சையும் ரோஜாவுமாகச் சாயம் தோய்த்த குஞ்சுகளை ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். அரை டஜன் வாங்கி வந்தார். ஆரணிக்கு வந்த சில வாரங்களில் மற்றவையெல்லாம் பூனைக்கும் வெள்ளைக் கழிச்சலுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. நின்றதோடு வளரவும் தொடங்கியது. மழையில் ரோஜாச் சாயம் கரைந்து, உள்ளேயிருந்து கறுப்பு இறகு வந்தது. கழுத்தில் இறகே வரவில்லை. மூக்குக்கு மேல் ஒரு சதைத் துண்டு முளைத்து வாயைத் தாண்டித் தொங்கியது.

"இன்னாங்க, இது கோழி இல்லிங்க," என்றாள் அவர் மனைவி சாரா.

"கோழி இல்லாம?"

"அது தெரியல. ஆனா கோழி இல்ல. கோழி என்னை இப்படிப் பாக்காது."

ஒருநாள் காலையில் கிளமெண்ட் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அது வாலை விரித்தது. முதுகில் ஒரு பெரிய விசிறி எழுந்து நின்றது. வெயில் பட்டதும் இறகுகளில் செம்பு நிறமும் பச்சையும் மாறி மாறி ஓடின. திருப்பினால் நிறம் மாறும் பட்டு இழையைத் தினமும் தொட்டுப் பிழைக்கிற மனிதர், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். அது வான்கோழி என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே அதற்குச் சாலொமோன் என்று பெயர் வைத்தார். வேதத்தில் வருகிற ராஜாக்களில் அவ்வளவு ஜோராக உடுத்தியவர் வேறு யாருமில்லை என்பது அவர் எண்ணம்.

"பேரு வெச்சிட்டீங்க. வாசல் முழுக்க அசிங்கம் பண்ணி வெச்சிகீறாரே உங்க ராஜா, அதை யாரு பெருக்குவாங்க? வேதத்துல அவரைப் பாக்க வந்த சேபா ராணியா?" என்று கேட்டாள் சாரா. பிறகு அவளே பெருக்கினாள்.

கிளமெண்டின் தொழில் பட்டுத் தறிகளில் பாவு, அதாவது நெடுக்கிழை, பிணைப்பது. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், மீந்து நிற்கிற பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு தறியடியில் உட்கார்ந்தால், வேலை முடிந்து எழும்போது மனிதர் முதலில் எழுந்திருப்பார். முதுகு சற்றுப் பொறுத்து எழுந்து வரும். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவார். ஆரணியின் கொசப்பாளையத்திலும் சைதாப்பேட்டையிலும் தறி வைத்திருக்கிறவர்கள் அவருக்குப் போன் செய்வார்கள். அவர் கிளம்பினால் சாலொமோனும் பின்னாலேயே நடக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திடீர் ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் நடை. தறிக்காரர் வீட்டு வாசலில் நின்றுகொள்ளும். எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும் பதில் சொல்லும். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், கட்சிக் கூட்டத்து மைக், பக்கத்து வீட்டுத் தும்மல், எல்லாவற்றுக்கும் தொண்டையை உருட்டி ஒரே பதில்தான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கிளமெண்ட் தனியாக வந்தால், "இன்னா, மேஸ்திரி வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர் அந்த வேண்டுதலைச் செய்யாமல் இருந்திருந்தால் எல்லாம் இப்படியே போயிருக்கும்.

முதல் வருடமே சாலொமோனுக்கு அம்மை போட்டது. முகமெல்லாம் கொப்புளம். கண் திறக்கவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டே கிளமெண்ட் பயத்தில் ஜெபம் பண்ணிவிட்டார்: "ஆண்டவரே, இதைப் பொழைக்க வையும். அறுப்பின் பண்டிகைக்கு உமக்கே குடுத்துடறேன்." சாலொமோன் பிழைத்தது. அது பிழைத்து எழுந்து வாலை விரித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கு உறைத்தது.

அறுப்பின் பண்டிகையன்று சபையார் அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். நெல், வேர்க்கடலை, பூசணி, வாழைத்தார், கோழி, ஆடு. ஆயர் ஜெபம் பண்ணியதும் அவை கோயிலுக்குச் சொந்தம். ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் அவற்றை ஏலம் விடுவார்கள். கிளமெண்டுக்கு நிலம் இல்லை, விளைச்சல் இல்லை. இருந்தது ஒரு வான்கோழி. வேண்டிக்கொண்டபடி கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஏலத்தில் அவரே எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கொடுத்ததை மதியம் திரும்ப வாங்கிக்கொண்டால் அது கொடுத்ததாகுமா? முடிச்சை இழுத்துப் பார்க்கிற பழக்கமுள்ளவர், இந்த வேண்டுதலையும் இழுத்துப் பார்த்தார். நிற்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி கொடுத்தார். மறுபடி தாங்க முடியாமல் எடுத்தார். நாளடைவில் அதுவே சபையின் வழக்கமாகிப் போனது. கடைசி ஏலம் எப்போதும் சாலொமோன்தான். கிளமெண்டைத் தவிர யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் விலை கேட்பார்கள். ஏற்றி விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"கிளமெண்ட்டு இருக்கிற வரைக்கும் கோயிலுக்கு வெள்ளையடிக்கிற கவலை இல்ல," என்பார் சபைப் பொருளாளர் டேவிட்ராஜ்.

"ஊர்ல எல்லாரும் கோழி வாங்குவாங்க, துன்னுவாங்க," என்பாள் சாரா. "இவர் ஒரே கோழிய வருசா வருசம் வாங்குவாரு. துன்னவும் மாட்டாரு."

இந்த வருடம் பண்டிகைக்கு முந்தைய வாரமே சாலொமோன் நடப்பதைக் குறைத்துக்கொண்டது. கோதுமை நொய்யை ஊறவைத்துக் கையில் கொடுத்தால் இரண்டு கொத்துக் கொத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். "இந்த வருசம் விட்டுடுங்களேன்," என்றாள் சாரா, பண்டிகைக்கு முதல் நாள். "நாளைக்கு ஒரு பூசணிக்காய் வாங்கிக் குடுத்துடுவோம். ஆண்டவர் இன்னா, எடை போட்டா பாக்கப்போறாரு?" கிளமெண்ட் கேட்கவில்லை. சாலொமோனுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக வேண்டுதலிலிருந்து நின்றுகொண்டால், கொடுக்காமலே போனதாகிவிடும் என்று பயந்தார். சாமந்தி மாலை போட்டு, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய், பீடத்துக்கு முன்னால் இரண்டு பூசணிக்காய்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்.

ஆயர் ஜெபம் பண்ணினார். பாடகர் குழு முழுத் தொண்டையில் பாடியது. ஒவ்வொரு வருடமும் அந்தக் குழுவோடு போட்டி போடுகிற சாலொமோன் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பிரசங்கம் தொடங்கிச் சற்று நேரத்தில் அது ஒரு பூசணிக்காயின் மேல் சாய்ந்தது. அப்படியே வழுக்கித் தரையில் படிந்தது. இறக்கை ஒன்று விரிந்து கிடந்தது.

ஆராதனைக்குப் பின் சபையார் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்துக்குச் சமைக்க வந்திருந்த சமையல்காரர் பக்கவாட்டு வாசலில் நின்று இதைப் பார்த்தார். அவர் மனதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. தொழில் அப்படி. டேவிட்ராஜின் காதருகே குனிந்து, "சார், உசுரு இருக்கும்போதே அறுத்துட்டா பிரியாணியில சேத்துடலாம். தானா போயிடுச்சுன்னா யாருக்கும் ஆவாது," என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் என்பதால் கையில் கத்தியும் இருந்தது. டேவிட்ராஜ் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பொருள் எதுவும் வீணாகக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் கிளமெண்ட் எழுந்து போய்ச் சாலொமோனை மாலையோடு வாரி எடுத்துக்கொண்டு, பிரசங்கத்தின் நடுவில், சபை முழுவதும் பார்க்க, நடு வழியாக வெளியே நடந்தார். ஆயர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, மீதியைச் சொன்னார். வெளியே வந்ததும் நடை ஓட்டமாகி, ஓட்டம் ஆட்டோவாகியது.

காணிக்கையை எடுத்துக்கொண்டு ஓடிய ஆள் அந்தச் சபையில் அதுவரை இல்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. டேவிட்ராஜ், சட்டையில் குத்தியிருந்த பண்டிகை ரிப்பனோடு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு பின்தொடர்ந்தார்.

கால்நடை மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை திறந்திருக்கும். உதவியாளர் பரசுராமன் வாசலிலேயே நின்றிருந்தார். எந்த உயிரினம் வந்தாலும் அதனிடம் முதலில் பேசிவிட்டுப் பிறகுதான் கூட வந்த மனிதரிடம் பேசுவார்.

"வாங்க, வாங்க. மாலை மரியாதையோட வந்துகீறீங்க," என்று சாலொமோனின் நெஞ்சுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து வாங்கிக்கொண்டார். "இன்னாண்ணா ஆச்சு இவருக்கு?"

"சாஞ்சிட்டாரு," என்றார் கிளமெண்ட்.

பரசுராமன் மேசையில் துணி விரித்து சாலொமோனைப் படுக்க வைத்தார். மாலையைக் கழற்றிக் குப்பையில் போடாமல், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற கம்பியில் மாட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்ததும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. "அவ்ளோதான், அவ்ளோதான். டாக்டரம்மா வந்துகினே கீறாங்க," என்று அதனிடம் சொன்னார்.

டாக்டர் எழிலரசி அந்தப் பக்க மேசையில் ஓர் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுச் சோற்றைக் கட்டுக்கடங்காமல் தின்று வயிறு ஊதி வந்த ஆடு. காற்று வெளியேறுவதற்காக அதன் வாயில் குறுக்கே ஒரு குச்சி கட்டியிருந்தது. அதன் சொந்தக்காரியான பாஞ்சாலை என்ற பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்து, சாலொமோனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"ஐயா, இவருக்கு வயசாயிடுச்சு. இதயம் களைச்சுப் போச்சு. வயித்துல நீர் கோத்திருக்கு. மருந்து குடுத்து எழுப்ப முடியாது," என்றார். அவசரமில்லாமல், கிளமெண்டின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "மூச்சு விட ரொம்பக் கஷ்டப்படறார். வலியில்லாம தூங்க வைக்க ஊசி இருக்கு. வேணாம்னா, இப்படியே உங்க மடியில வெச்சிக்கலாம். எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது. எதுன்னாலும் நீங்கதான் சொல்லணும். உரிமையாளர் நீங்கதானே?"

கிளமெண்டால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லிங்க."

"பின்னே யாரு?"

"காலையில வரைக்கும் நான். இப்போ கர்த்தர்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பரசுராமன் தொண்டையைக் கனைத்தார். "அவரு நேர்ல வந்து கையெழுத்துப் போட மாட்டாரேண்ணா."

"நான் வந்துட்டேன்," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. டேவிட்ராஜ். மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சில் ரிப்பன் ஒருபக்கமாகத் தொங்க, உள்ளே வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

விவரத்தைக் கேட்டுக்கொண்ட டாக்டர் சிரிக்கவில்லை. "சரி சார். கோயில் சார்பா நீங்களே சொல்லுங்க. ஊசி போடலாமா?"

"நான் எப்படிம்மா சொல்றது? அதுக்குக் கமிட்டி கூடணும்."

"கமிட்டி எப்போ கூடும்?"

"மாசத்துல மூணாவது சனிக்கிழமை."

"அதுவரைக்கும் இவரு மூச்சைப் புடிச்சிகினு இருக்கணுமா சார்?" என்றார் பரசுராமன்.

டேவிட்ராஜ் கெட்டவர் அல்ல. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஜெபம் பண்ணியாச்சுங்க. ஜெபம் பண்ண நிமிசத்துலருந்து கோயிலுது. நானா ஒண்ணு பண்ணிட்டா நாளைக்கு ஆளாளுக்குப் பேசுவாங்க. கிளமெண்ட்டு, நீயே சொல்லு, நான் சொல்றது தப்பா?"

"தப்பில்ல சார்," என்றார் கிளமெண்ட். சாலொமோனின் ஓர் இறகைப் பிடித்து, பிரிந்திருந்த இழைகளைத் தன்னையறியாமல் விரலால் முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சாவும்போது என்னுதா சாவட்டும். என் வூட்டுப் பின்னால புதைக்கணும். கோயிலுதா செத்துட்டா நான் எந்த முகத்தோட தூக்கிகினு போவேன்?"

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு டேவிட்ராஜ் பக்கம் திரும்பினார்.

"ஏலம் விட்டா இவர் எடுத்துக்கலாம், இல்லையா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"தாராளமா. வருசா வருசம் அவர்தான் எடுக்கறாரு."

"அப்போ இங்கேயே விடுங்க."

"இங்கியா? ஆஸ்பத்திரியிலயா?"

"பொருள் இங்கேதானே இருக்கு."

டேவிட்ராஜ் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசிப் படத்தைப் பார்த்தார். கோயில் வளாகத்துக்குள்தான் ஏலம் விட வேண்டும் என்று எங்கேயாவது விதி இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. "மூணு பேராவது கேக்கணும்மா. ஒருத்தரே கேட்டா அது ஏலம் இல்ல. வித்ததா ஆயிடும்."

"நான் ஒருத்தி. பரசுராமண்ணன் ஒருத்தர். இவர் ஒருத்தர்."

"நீங்கல்லாம் சபையில இல்லியே."

"சபையார் மட்டும்தான் கேக்கணுமா?"

டேவிட்ராஜ் நேர்மையான மனிதர். போன வருடம் வாழைத்தாரை எடுத்தது பழக்கடை பாய் என்பது நினைவு வந்தது. "இல்ல," என்று ஒப்புக்கொண்டார்.

"இன்னொண்ணு சார். டியூட்டியில இருந்துகிட்டு நான் காசு எடுத்து நீட்ட முடியாது. பொருளா கேக்கலாமா? உங்களுக்குக் காணிக்கையே பொருளாத்தானே வருது?"

இதற்கும் எதிராக விதி எதுவும் கிடைக்கவில்லை. கிளமெண்ட் பெஞ்சில் உட்கார, பரசுராமன் மடித்த சாக்கை அவர் மடியில் போட்டுச் சாலொமோனை அதன் மேல் வைத்தார். டேவிட்ராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பந்தலில் மைக் இல்லாத நாளில் பேசுகிற குரலை எடுத்தார்.

"சார், சார்," என்று பரசுராமன் பதறினார். "மெதுவா. தன்னையே ஏலம் போடறாங்கன்னு கேட்டா அவரு மனசு இன்னா பாடுபடும்?"

அதனால் அந்த ஏலம் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"அறுப்பின் பண்டிகைக் காணிக்கை," என்றார் டேவிட்ராஜ் ரகசியம் சொல்வது போல. "வான்கோழி, ஒண்ணு. நல்ல..." சாலொமோனைப் பார்த்தார். எடை சொல்ல வந்தவர் மாற்றிக்கொண்டார். "நல்ல பேர் எடுத்தது."

"ஒரு பூசணிக்காய்," என்று பரசுராமன் கிசுகிசுத்தார். "எங்க வூட்டுக் கூரை மேல காய்ச்சிகீது. பெருசு."

"ரெண்டு தென்னங்கன்று," என்றார் டாக்டர்.

"பீடத்துக்கு ஒரு பட்டு விரிப்பு," என்றார் கிளமெண்ட். "தறிக்காரர் யாருக்காவது கூலி இல்லாம பிணைச்சுக் குடுத்து, நெய்யச் சொல்லி வாங்கிக் குடுத்துடறேன்."

டேவிட்ராஜின் புருவம் உயர்ந்தது. பூசணிக்கும் தென்னைக்கும் மேல் என்பதில் சந்தேகமில்லை. மூன்று பேர் கேட்டாகிவிட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. "பட்டு விரிப்பு, ஒரு தரம்..."

"ஒரு மூட்டை வேர்க்கடலை," என்றது சுவர் ஓரத்துக் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். பாஞ்சாலை ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா, இது வேற மாதிரி ஏலம்," என்றார் பரசுராமன்.

"ஏலத்துல இன்னா வேற மாதிரி? கொறைச்சுக் கேட்டாத்தானே தப்பு? நான் ஏத்தித்தானே கேட்டேன்?"

"அந்தம்மா சொல்றது சரி," என்றார் டேவிட்ராஜ். விதி என்று வந்துவிட்டால் அவருக்கு ஆள் தெரியாது.

பாஞ்சாலைக்குச் சேத்துப்பட்டு சாலையில் ஒரு கிராமம். ஏரி மீன் ஏலம், புளியமர ஏலம், கோயில் வேப்பமரத்தை வெட்டி விட்ட ஏலம் என்று பிறந்தது முதல் எத்தனையோ ஏலங்களைப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் தள்ளி நின்றுதான். ஆம்பிளைகள் கேட்பார்கள், பெண்கள் தூரத்தில் நின்று, தங்கள் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கக் கூடாதா என்று பல்லைக் கடிப்பார்கள். கை நீட்டும் தூரத்தில் ஓர் ஏலம் நடப்பதும், அங்கே ஒரு பெண் கேட்க, "நீ ஏன் கேட்கிறாய்" என்று யாரும் சொல்லாததும் அவளுக்கு இதுவே முதல் முறை. ஏலம் என்ற சொல் காதில் விழும்வரை அவள் கவனமெல்லாம் ஆட்டின் மேல்தான் இருந்தது; பறவையின் நிலைமையை அவள் கவனிக்கவில்லை.

"ரெண்டு விரிப்பு," என்றார் கிளமெண்ட் கலங்கிப் போய். "பீடத்துக்கு ஒண்ணு, பிரசங்க மேசைக்கு ஒண்ணு."

"ரெண்டு மூட்டை."

"ஜரிகை வெச்சு," என்றார் கிளமெண்ட்.

"இந்த ஆடு!" என்றாள் பாஞ்சாலை.

கிசுகிசுக்க வேண்டும் என்பதை அவள் மறந்துவிட்டாள். அறையே அதிர்ந்தது. வாயில் குச்சியோடு நின்ற ஆடு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. காலையிலிருந்து அந்த ஏப்பத்துக்காகத்தான் காத்திருந்த டாக்டரின் முகம் மலர்ந்தது. மறு நொடியே நடந்தது புரிந்து வாடியது.

டேவிட்ராஜ் கிளமெண்டைப் பார்த்தார். பெயிலாக்க மனமில்லாத மாணவனைப் பார்க்கிற பார்வை. "ஆடு," என்றார். "ஒரு தரம்." நிறுத்தினார். கிளமெண்ட் வாயைத் திறந்தார். ஆட்டுக்கு மேல் கேட்க அவரிடம் விரல்கள் தவிர வேறெதுவும் இல்லை. "ஆடு, ரெண்டு தரம்." இந்த முறை வெகுநேரம் நிறுத்தினார். ரிப்பனைச் சரி செய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றான பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "மூணு தரம்," என்றார்.

சாலொமோன் பாஞ்சாலைக்குச் சொந்தமானது.

அவள் வெற்றியோடு முன்னால் வந்தாள். வந்து பார்த்தால், தான் எடுத்த பறவை ஒரு மனிதரின் மடியில் கண் மூடிக் கிடக்கிறது. அந்த மனிதர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறார்.

"இன்னாண்ணா? ஏண்ணா அழுவுறே?"

பரசுராமன் அவளைத் தள்ளி அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கை வாய்க்குப் போனது.

"அடப்பாவிங்களா! மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேனேம்மா, வேற மாதிரி ஏலம்னு."

"இப்படிச் சொன்னா யாருக்குப் புரியும்?" அவள் கிளமெண்டின் எதிரில் தரையில் குந்தினாள். "அண்ணா, இது இப்போ என்னுதுதானே?"

"உங்களுதுதாம்மா."

"அப்போ நான் குடுக்கறேன். வெச்சிக்க. இதை இட்டுகினு போயி நான் இன்னா பண்ணப் போறேன்? புடிண்ணா. யாரும் எதுவும் சொல்ல முடியாது. சொல்லுங்க சார், யாராவது எதுனா சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றார் டேவிட்ராஜ். அவர் சொன்னதிலேயே உறுதியான பதில் அதுதான்.

கிளமெண்ட் மடியில் இருந்ததைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் முதல் முறையாக, அவர் கொடுத்ததை வேறு ஒருவர் எடுத்திருந்தார். இந்த முறை அது கொடுத்ததுதான். இழுத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கையில் இருப்பது கோயிலிலிருந்து அவர் திரும்ப வாங்கியதல்ல; பாஞ்சாலை கொடுத்து வந்தது.

டாக்டர் அவருக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போ சொல்லுங்க ஐயா. அவசரமில்லை."

மருத்துவமனை மூடும் நேரம் தாண்டிவிட்டது. அதை யாரும் சொல்லவில்லை. கிளமெண்ட் சாலொமோனின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "கஷ்டப்பட வேணாம்மா," என்றார்.

டாக்டர் மேசைக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. மடியில் இருக்கும்போதே, என்ன செய்யப் போகிறார் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுச் செய்தார். முதலில் மயக்கம் வரும். பிறகு வலி தெரியாது. இறக்கைக்குக் கீழே பரசுராமன் இறகை விலக்கிப் பிடித்தார். "போய்ட்டு வாங்க," என்று சாலொமோனிடம் சொன்னார். "இங்க ஒண்ணும் கவலை இல்ல. போய்ட்டு வாங்க." மூச்சு நீண்டது. இன்னும் நீண்டது. பிறகு அடுத்தது வரவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, முதலில் கேட்டதைப் போலவே வெகுநேரம் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சுங்க ஐயா," என்றார்.

பரசுராமன் வெந்நீரில் பஞ்சை நனைத்து, சாலொமோனின் கால்களில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்தார். விரல் இடுக்குகளைக் கூட விடவில்லை. வால் இறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தன் அலமாரியிலிருந்து துவைத்த துண்டு ஒன்றை எடுத்துச் சுற்றினார். பாஞ்சாலை எழுந்து போய்க் கம்பியில் தொங்கிய மாலையை எடுத்து வந்து துண்டின் மேல் வைத்தாள். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் செய்து பழகியவளாக, தயக்கமில்லாமல் அதைச் செய்தாள். பிறகு ஆட்டுக் கயிற்றை அவிழ்த்து டேவிட்ராஜின் கையில் கொடுத்தாள்.

"இன்னாம்மா இது?"

"ஆடு. சொன்னேன் இல்ல?" ஆட்டின் முதுகைத் தடவினாள். "சொன்னா சொன்னதுதான்."

டேவிட்ராஜ் கயிற்றின் இந்த முனையிலும் ஆடு அந்த முனையிலுமாகச் சற்று நேரம் நின்றார்கள். ஆடு அவரது ரிப்பனை முகர்ந்து பார்த்தது.

"ஆடு இன்னும் டிஸ்சார்ஜ் ஆகல சார்," என்றார் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்படியா?" டேவிட்ராஜின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நோயாளியைக் கோயிலுக்கு எடுத்துக்கறதா இருந்தா கமிட்டியக் கேக்கணும். கமிட்டி மூணாவது சனிக்கிழமைதான் கூடும். அதுலயும் மத்த விசயங்க நிறைய கீது. எப்போ முடியுமோ." கயிற்றை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நல்லா பாத்துக்கோங்க. சோறு போடாதீங்க."

கோயிலில் பந்தலின் கீழ் மொத்தச் சபையும் ஏலத்துக்குக் காத்திருந்தது. டேவிட்ராஜின் சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்து அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. கிளமெண்டைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து, ஸ்கூட்டரை மெல்ல அவர் வீட்டுக்கு ஓட்டினார்.

சாரா பின்கட்டில் இருந்தாள். பண்டிகைக்குக் கட்டிய பட்டுப் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். கையெல்லாம் மண். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி பாதி தோண்டியிருந்தது. துண்டில் சுற்றியதைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"போயிட்டானா?"

"ம்."

"யாரு எடுத்தாங்க?"

"சேத்துப்பட்டு ரோட்டுல ஒரு ஊராம். ஒரு அம்மா. ஆட்டைக் குடுத்து எடுத்தாங்க. எடுத்துட்டு எனக்கே குடுத்துட்டாங்க." கிளமெண்டின் குரலில் அத்தனை அழுகைக்கு நடுவிலும் ஒரு நிம்மதி இருந்தது. "என்னுதாத்தான் போனான். கோயிலுக்கும் இதுக்கும் இனிமே ஒண்ணும் இல்ல. நாம புதைக்கலாம்."

சாரா துண்டை விலக்கி முகத்தைப் பார்த்தாள். மூக்கின் மேல் தொங்கிய சதையை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டாள். ஒருநாளும் அப்படித் தொட்டவள் இல்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்தபோது கன்னமெல்லாம் மண்ணானது.

"இதுக்கு ஒரு ஏலமா?" என்றாள். "நீங்க எழுந்து ஓடனதுமே நான் வூட்டுக்கு வந்து குழி தோண்ட ஆரம்பிச்சிட்டேன். கோயிலுதா செத்திருந்தாலும் இங்கதான் புதைச்சிருப்பேன். எந்தப் பொருளாளரு வந்து தோண்டி எடுக்கறாருன்னு பாத்திருப்பேன்."

கிளமெண்டுக்குப் பின்னால், பின்கட்டு வாசலில் நின்றிருந்த டேவிட்ராஜ் அதைக் காதில் வாங்காதவர் போல ரிப்பனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பை விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, குழிக்குள் இறங்கினார்.